சுருக்கெழுத்துத் தந்தை ஐசக் பிட்மன்

தமிழகத்தை விட்டு வடபுலம் வந்து குடியேறிய நம் முன்னோருள் பலர், நிலமும் பொருளும் கையிற்கொண்டு வந்தாரல்லர். எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழோடு, தட்டெழுத்திலும் சுருக்கெழுத்திலும் தேறிய இரு சான்றிதழ்களே அவர்களுக்கு வழித்துணையாயின. தில்லியின் அரசாங்கச் செயலகங்களிலும், பம்பாய், கல்கத்தா நகரங்களின் வாணிக நிலையங்களிலும் அவர்கள் 'ஸ்டெனோகிராபர்' என்னும் பெயரோடு அமர்ந்து குடும்பத்தைக் காத்தனர், தம்பியரைப் படிக்கவைத்தனர், தங்கையர்க்கு மணம் முடித்தனர். அவ்வாறு நமக்கு வாழ்வளித்த கலையைப் படைத்தவரின் வரலாற்றை நம் இல்லங்களில் அறிந்தோர் சிலரே. ஆதலின் அதனை இம்மலரில் சுருங்கக் கூற விழைகின்றோம்.

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில், மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, கும்பகோணம், பாலக்காடு முதலிய ஊர்களில் வாணிகக் கல்வி நிலையங்கள் பல இருந்தன. மக்கள் அவற்றை 'இன்ஸ்டிடியூட்' என்றே வழங்கினர். தட்டெழுத்து, சுருக்கெழுத்து, கணக்குப் பதிவு, வாணிகக் கடிதம் எழுதுதல் என்பன அங்குக் கற்பிக்கப்பெற்ற பாடங்கள். தட்டெழுத்தில் நிமிடத்திற்கு 30 சொற்கள் அடிப்பது 'லோயர்', 45 சொற்கள் அடிப்பது 'ஹையர்'. சுருக்கெழுத்தில் 80 சொற்களில் தொடங்கி 120 சொற்கள் வரை ஏறவேண்டும். இவற்றுள் கடினமானதும், மிகுதியாக ஊதியம் தந்ததும் சுருக்கெழுத்தே. அதற்குரிய பாடநூலின் அட்டையில் மாணவர் நாள்தோறும் கண்ட பெயர், பிட்மன்.

ஐசக் பிட்மன் 1813ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள், இங்கிலாந்தில் வில்ட்ஷயரைச் சேர்ந்த ட்ரோபிரிட்ஜ் என்னும் நெசவூரில் பிறந்தார். தந்தையார் சாமுவேல் பிட்மன் துணியாலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருந்தார். அவருக்கு மக்கள் பதினொருவர். காற்றோட்டமற்ற வகுப்பறையின் நெருக்கடியைத் தாங்காது சிறுவர் ஐசக் அடிக்கடி மயங்கி விழுந்தார். பதின்மூன்று வயதளவில் அவரது பள்ளிப் படிப்பு நின்றது. ஆலையில் எழுத்தராக அமர்ந்தார். எனினும் அவர் கல்வியைக் கைவிடவில்லை. விடியுமுன் எழுந்து தாமே நூல்களைப் பயின்றார்.

ஆசானின்றிக் கற்றவருக்கு ஓர் இடர் நேர்ந்தது. நூலில் கண்ட சொற்களின் பொருள் விளங்கிற்று. அவற்றை ஒலிக்கும் முறை விளங்கவில்லை. ஆங்கிலத்தில் எழுத்து ஒன்று, ஒலி வேறு. ஓ, யூ, ஜி, எச் என்னும் நான்கெழுத்துக் கூட்டம் ஒரு சொல்லில் 'ஓ' என்றும், மற்றொன்றில் 'ஊ' என்றும், வேறொன்றில் 'ஆஃப்' என்றும் ஒலிக்கும். ஐயுற்ற சொற்களையெல்லாம் குறித்துவைத்து, வாக்கர் என்பாரின் ஒலிப்பு அகராதியைப் பார்த்து அவர் திருத்திக்கொண்டார். ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள இவ்வேறுபாடே அவர் வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த பொருளாயிற்று.

1831ஆம் ஆண்டில் இலண்டனில் ஐந்து திங்கள் ஆசிரியப் பயிற்சி பெற்று, அடுத்த ஆண்டில் பார்ட்டன் என்னும் ஊரில் பள்ளித் தலைமையாசிரியரானார். 1836இல் வாட்டன்-அண்டர்-எட்ஜ் என்னும் ஊர்ப் பள்ளிக்கு வந்தார். அங்கு, சுவீடன் நாட்டு அறிஞர் சுவீடன்போர்க் என்பாரின் சமயக் கொள்கையை மேற்கொண்டார். பள்ளியின் ஆட்சியாளர்க்கு அது பொருந்தவில்லை. 1837இல் அவரை வேலையினின்று நீக்கினர். இருபத்து நான்கு வயது, மணமானவர், வேறு வருவாய் இல்லை. கொள்கையைக் கைவிட்டிருப்பின் வேலை நிலைத்திருக்கலாம். அவர் கைவிடவில்லை, அவ்வூரிலேயே தாமாக ஒரு பள்ளியைத் தொடங்கினார்.

இளமையிலேயே அவர் சாமுவேல் டெய்லர் வகுத்த பழைய சுருக்கெழுத்தைக் கற்றிருந்தார். அதனை எளியோரும் பயிலுமாறு மலிவுப் பதிப்பாக வெளியிடக் கருதி, இலண்டன் பதிப்பாளர் சாமுவேல் பாக்ஸ்டரை அணுகினார். பழைய முறை ஒன்றை மீண்டும் அச்சிடுவதினும் புதியதொன்றை ஆக்குதல் நன்று என்பது அங்கிருந்து கிடைத்த அறிவுரை. அதன் பயனாக, வேலையிழந்த அதே ஆண்டு நவம்பர்த் திங்கள் 15ஆம் நாள் அவரது முதல் நூல் வெளிவந்தது. விலை நான்கு பென்னி.

அம்முறையின் அடிப்படை தமிழர்க்கு அயலானதன்று. எழுத்தென்பது முதற்கண் ஒலியே என்பது நம் இலக்கணத்தார் கொள்கை. பிட்மனும் ஆங்கில எழுத்துக் கூட்டலை அறவே விட்டு, காதில் விழும் ஒலியை மட்டும் எழுதினார். மெய்யொலிகளுக்குக் கோடுகளும் வளைவுகளும் அமைத்தார். வல்லோசைக்கு மெல்லிய கோடு. அதன் இணையாகிய அதிர்வோசைக்கு அதே கோடு சற்றுத் தடித்து வரும். 'பம்பாய்' என்னும் சொல்லில் நாம் ஒரே பகரத்தை இருவகையாக ஒலிக்கிறோமே, அவ்விரண்டையும் கோட்டின் தடிப்பால் அவர் வேறுபடுத்தினார். உயிரொலிகள் கோட்டின் அருகே புள்ளியாகவும் சிறு கீற்றாகவும் நிற்கும். விரைந்து எழுதும்போது அவற்றையும் விட்டுவிடலாம். சொல் வரிக்கு மேலே நிற்கிறதா, வரியின்மேல் அமர்கிறதா, வரியை வெட்டுகிறதா என்பதைக் கொண்டே முதலுயிரை உய்த்துணரலாம். நம் நெடுங்கணக்கு தொண்டையில் பிறக்கும் ககரத்தில் தொடங்கி இதழில் பிறக்கும் பகரத்திற்கு வருகிறது. பிட்மனின் வல்லின வரிசையோ இதழில் தொடங்கித் தொண்டைக்குச் செல்கிறது. திசை மாறினும் நெறி ஒன்றே.

1839இல் அவர் பாத் நகருக்குக் குடிபெயர்ந்தார். மறு ஆண்டு இங்கிலாந்தில் ஒரு பென்னி அஞ்சல் முறை வந்தது. அதனைப் பிட்மன் நன்கு பயன்படுத்திக்கொண்டார். தம் முறை முழுவதையும் ஒரே தாளில் அச்சிட்டு ஒரு பென்னிக்கு விற்றார். கற்போர் விவிலியப் பகுதிகளைச் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்பினர். அவற்றைத் திருத்தித் திருப்பி அனுப்பினார். இக்காலத்தில் நாம் அஞ்சல்வழிக் கல்வி என்று கூறுவதன் முன்னோடிகளுள் இஃது ஒன்று. பள்ளிக்கூடம் செல்ல வசதியற்றவர்க்கும் கல்வி எட்டவேண்டும் என்னும் வேட்கை, பள்ளியை இடையில் விட்டவருக்கன்றி வேறு யாருக்கு அத்துணை ஆழமாக இருக்கும்?

1843இல் அவர் பள்ளித் தொழிலை விட்டு இப்பணி ஒன்றிலேயே ஈடுபட்டார். புலாலும் மதுவும் புகையும் நீக்கிய எளிய வாழ்வினர். வைகறையில் எழுந்து உழைப்பவர். உடன்பிறந்தோருள் ஜேகப் ஆஸ்திரேலியாவுக்கும் பென் அமெரிக்காவுக்கும் இக்கலையைக் கொண்டுசென்றனர். லிங்கன் கொலை வழக்கின் நடவடிக்கைகளை 1865இல் பதிவுசெய்தவர் பென் பிட்மனே.

ஆயினும் பிட்மனின் பெருங்கனவு வேறு. ஆங்கில எழுத்துமுறை முழுவதையுமே ஒலிக்கு ஒத்ததாகத் திருத்தவேண்டும் என்று அவர் பல்லாண்டு உழைத்தார், புதிய அச்செழுத்துகளை வார்ப்பித்தார், இதழ் நடத்தினார். உலகம் அதனை ஏற்கவில்லை. அதற்கு வழியென அவர் கருதிய சுருக்கெழுத்தை மட்டும் பெற்றுக்கொண்டது. 1894இல் விக்டோரியா அரசி அவருக்கு 'சர்' பட்டம் அளித்தார். 1897 சனவரியில் பாத் நகரில் அவர் மறைந்தார்.

அவர் மைந்தர் ஆல்பிரடும் எர்னஸ்டும் பதிப்பகத்தை வளர்த்தனர். பிட்மன் பெயர் தாங்கிய கல்லூரி இலண்டனில் தழைத்தது. தட்டெழுத்துப் பொறியும் சுருக்கெழுத்தும் இணைந்து, அதுகாறும் அலுவலகங்களில் இடம்பெறாத பெண்டிர்க்கு அவற்றின் கதவைத் திறந்தன. பெர்னார்டு ஷா தம் நாடகங்களைப் பிட்மன் எழுத்திலேயே வரைந்தார். அம்முறையைத் தழுவித் தமிழிலும் சுருக்கெழுத்து அமைந்தது.

இன்று கணிப்பொறி வந்துவிட்டது. சுருக்கெழுத்து பயில்வோர் அருகிவிட்டனர். எனினும் மைய அரசின் பணியாளர் தேர்வாணையம் நிமிடத்திற்கு 80, 100 சொற்கள் என்னும் வேகத்தில் சுருக்கெழுத்தாளரை இன்னும் தேர்ந்தெடுக்கிறது. நம் இளைஞருள் சிலர் 'தாத்தா ஸ்டெனோவாகத்தான் இருந்தார்' என்று குரல் தாழ்த்திக் கூறுவதைக் கேட்கிறோம். குரல் தாழ்த்த வேண்டுவதில்லை. செவி கூர்ந்து, கருத்துச் சிதையாது, பிறர் மறைபொருளைக் காத்து வாழ்ந்த தொழில் அது. பரம்பரைச் செல்வமில்லாதவர் தம் காதையும் கையையும் நம்பி நிமிர்ந்து நின்ற தொழில் அது. அதனைப் படைத்தவரும் படிப்பிழந்து, வேலையிழந்து, உழைப்பால் உயர்ந்தவரே.

நம் காலனி வீடுகளின் பழைய பெட்டிகளில், கோடுகளும் புள்ளிகளும் நிறைந்த குறிப்பேடுகள் இன்னும் கிடத்தல் கூடும். படிக்கத் தெரியாதவை என்று அவற்றை எறிந்துவிடாதீர். அக்கோடுகளை இன்றும் படிக்கவல்ல முதியோர் நம்மிடையே உளர். அவர்கள் அருகமர்ந்து, பேரக்குழந்தைகள் ஒரு பக்கத்தையேனும் படிக்கக் கேட்பாராக.