பொதிய மலையில் ஓர் அறிஞர்

போர் தொடுத்தவனை வரலாறு நினைவில் வைத்துப் போற்றுகின்றது. பொழுது தவறாமல் வெயிலையும் மழையையும் அளந்து குறித்து வைத்தவனை அது எளிதில் மறந்துவிடுகின்றது. அவ்வாறு மறக்கத்தகாத ஒருவரைப் பற்றியே நான் இங்கு எழுத விரும்புகின்றேன். அவர் தமிழர் அல்லர். ஆயினும் தமிழ் முனிவனின் மலையுச்சியில் ஆய்வுக்கூடம் எழுப்பியவர். ஜான் ஆலன் பிரௌன் என்பது அவர் பெயர்.

திருவனந்தபுரத்தின் நடுவே ஒரு குன்று உள்ளது. அதன்மீது 1837-ஆம் ஆண்டில் வானாராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவியவர் மன்னர் சுவாதித் திருநாள். அவரை இசைப்புலவராகவே நாம் அறிவோம். தஞ்சை வடிவேலு முதலிய கலைஞர்களை ஆதரித்த அதே உள்ளம் விண்ணையும் அளக்க விழைந்தது என்பதைப் பலர் அறியார். ஊரார் அதனை நட்சத்திர பங்களா என்று அழைத்தனர். முதல் இயக்குநரான கால்டிகாட் 1849-இல் மறைந்தார். மன்னரோ அதற்கு முன்பே, 1846-இல், முப்பத்துமூன்றாம் வயதில் காலமாகிவிட்டார். நிறுவியவரும் நடத்தியவரும் இல்லாத அந்நிலையத்திற்கு 1852-ஆம் ஆண்டு சனவரியில் வந்து சேர்ந்தவரே பிரௌன்.

அவர் ஸ்காட்லாந்தில் டம்பிரீஸ் என்னும் ஊரில் 1817-இல் பிறந்தார்; எடின்பரோ பல்கலைக்கழகத்தில் கற்றார். 1842 முதல் மேக்கர்ஸ்டன் என்னும் சிற்றூரின் ஆய்வுக்கூடத்தில் காந்த ஊசியின் அசைவையும் காற்றின் அழுத்தத்தையும் ஆண்டுக்கணக்கில் குறித்துவந்தார். அப்பயிற்சியே அவரைத் திருவிதாங்கூருக்கு அழைத்துவந்தது.

இரண்டு ஊர்களுக்கும் இடையே எத்துணை வேறுபாடு! சூன் 21-ஆம் நாளையே எடுத்துக்கொள்வோம். வடபாதி உலகில் ஆண்டிலேயே நீண்ட பகல் அது. மேக்கர்ஸ்டனில் அன்று பகல் ஏறத்தாழ பதினேழரை மணி நேரம் நீடிக்கும். திருவனந்தபுரத்திலோ 12 மணி 37 நிமிடமே. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணி நேரந்தான். ஐரோப்பியருக்கு அது நடுக்கோடை நாள். நமக்கோ கோடை கழிந்து தென்மேற்குப் பருவமழை கொட்டும் நாள். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு இறுதியிலும் இந்நகரின் உச்சிக்கு நேரே நிற்கும் கதிரவன், சூன் 21 நண்பகலில் வடக்கே பதினைந்து பாகை சாய்ந்து நிற்கின்றான். மேகம் விலகியிருந்த ஓராண்டில் நான் அந்நாளில் நான்கடிக் கோல் ஒன்றை நட்டுப் பார்த்தேன். நண்பகலில் நிழல் ஓரடிக்குச் சற்று மிகுந்து தெற்கு நோக்கி வீழ்ந்தது. பிரௌன் பிறந்த நாட்டில் நண்பகல் நிழல் என்றும் வடக்கே விழும், தெற்கே விழுவதில்லை.

பகலளவு இவ்வளவு சிறிதாக மாறும் ஊரில் நாள்தோறும் அளப்பதற்கு என்ன உண்டு என்று கேட்கலாம். அங்கேதான் பிரௌனின் பெருமை விளங்குகின்றது. இங்குக் காற்றழுத்தமானி கடல் அலைபோல் நாள்தோறும் இருமுறை ஏறி இருமுறை இறங்குகின்றது. காலையிலும் இரவிலும் பத்து மணியளவில் உயர்கின்றது, நான்கு மணியளவில் தாழ்கின்றது. காந்த ஊசியோ அதனினும் நுண்ணிய செய்தி கூறுகின்றது. சூன் மாதக் காலையில் அது ஒரு திசையில் அசையுமாயின், டிசம்பர் மாதக் காலையில் எதிர்த்திசையில் அசைகின்றது. கதிரவன் வடக்கே செல்லும்போது ஒரு நெறி; தெற்கே செல்லும்போது வேறொரு நெறி. நிலநடுக்கோட்டை அடுத்த நாடுகளிலேயே இவ்வியப்பைக் காணலாம். மணிக்கு ஒருமுறை, இரவும் பகலும், ஆண்டுக்கணக்கில் கருவிகளை நோக்கினாலன்றி இது புலப்படுமா? இந்நாட்டு உதவியாளர் பலரைப் பயிற்றி அப்பணியை அவர் நடத்தினார். அந்த இரவுகளில் விளக்கொளியில் எண்களைக் குறித்த கைகள் நம்மவர் கைகளே.

சமவெளியில் ஊசி காட்டும் அசைவு மலையுச்சியிலும் அவ்வாறே இருக்குமா? இவ்வினா அவரைக் கிழக்கு நோக்கி இழுத்தது. அங்கே நின்றது அகத்தியமலை. நம் இலக்கியங்கள் பொதியம் என்று போற்றும் மலை. பொருநை பிறக்கும் மலை. ஏறத்தாழ 1,870 மீட்டர் உயர்ந்த அச்சிகரத்தில் 1855-இல் ஓர் ஆய்வுக்கூடம் எழுந்தது. காட்டு யானைகள் உலவும் அடர்ந்த காட்டின் வழியே நுண்ணிய கருவிகளை ஆட்கள் மேலேற்ற வேண்டும். மேலேயோ இரு பருவமழைகளும், குளிரும், பேய்க்காற்றும். கொஞ்ச காலத்தில் அக்கூடம் சிதைந்தது. பிரௌன் சோர்ந்தாரில்லை, 1863-இல் மீண்டும் எடுப்பித்தார். தமிழுக்கு இலக்கணம் கண்ட முனிவன் வாழ்ந்ததாக நாம் நம்பும் மலையில், காந்த ஊசிக்கு இலக்கணம் காண ஒருவர் ஏறினார் என்பது எத்துணைப் பொருத்தம்!

அவர் கருவிகளோடு மட்டும் வாழ்ந்தவரல்லர். திருவனந்தபுரத்தின் அருங்காட்சியகமும் பூங்காவும் உருவாக அவர் உழைத்தார். பஞ்சாங்கம் வெளியிட்டார்; எடை அளவுகளைச் சீர்ப்படுத்துவதிலும் பங்குகொண்டார். இன்று அருங்காட்சியகப் பூங்காவின் நிழலில் இளைப்பாறுவோருள் எத்தனை பேர் அவரை நினைக்கின்றனர்?

குவிந்த எண்களிலிருந்து அவர் கண்ட உண்மைகள் பல. பூமியின் காந்த ஆற்றல் நாளுக்கு நாள் அடையும் மாற்றம் ஓரிடத்திற்கு மட்டும் உரியதன்று. தொலைவிலுள்ள நாடுகளிலும் ஒரே காலத்தில் நிகழ்கின்றது என்று காட்டினார். ஏறத்தாழ 26 நாளுக்கு ஒருமுறை அம்மாற்றம் திரும்ப வருவதைக் கண்டு, கதிரவன் தன்னைத்தானே சுற்றுவதோடு அதனைத் தொடர்புபடுத்தினார். சந்திரனும் ஊசியை அசைக்கின்றது என்றும், அவ்வசைவு இரவினும் பகலில் மிகுதி என்றும் கண்டார். சந்திரனின் செயலுக்குப் பகலொளி ஏன் துணைபுரிய வேண்டும்? அக்காலத்தில் அது பெரும் புதிர். கதிரவன் ஒளி மேல்வளியை மின்னோட்டத்திற்கு ஏற்றதாக்குகின்றது என்ற விளக்கம் பின்வந்த அறிஞர்களாலேயே கிடைத்தது. காரணம் அறியாத நிலையிலும், கண்டதைக் கண்டவாறே எழுதிவைத்தாரே, அதுவன்றோ அறிவு நேர்மை!

1865-இல் அவர் திருவனந்தபுரத்தை விட்டு நீங்கினார். நிலையத்தின் பணியும் சுருங்கியது. ஆனால் அவர் பணி ஓயவில்லை. ஐரோப்பாவில் இருந்தபடியே பழைய குறிப்பேடுகளைக் கணக்கிட்டார். திருவனந்தபுரத்திலும் அகத்தியமலையிலும் எடுத்த காந்த அளவுகளைப் பற்றிய அவருடைய பெருநூல் 1874-இல் வெளிவந்தது. பார்க்கப் போனால் அது பக்கம் பக்கமாக எண்களே. அவ்வெண்களுக்குப் பின்னே பதின்மூன்று ஆண்டு உழைப்பும், உறங்காத இரவுகளும் உள்ளன. 1878-இல் இலண்டன் அரசக் கழகம் தன் அரசப் பதக்கத்தை அவருக்கு வழங்கியது. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார்.

கதை அத்துடன் முடியவில்லை. நண்பகல் வேளையில் காந்த நடுக்கோட்டின் மேலே வானில் ஒரு மின்னோட்டம் ஓடுவதை இருபதாம் நூற்றாண்டு அறிஞர் உணர்ந்தனர். அதனை ஆராய, அக்கோட்டை அடுத்த ஓர் இடம் இந்தியாவில் தேவைப்பட்டது. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் கடற்கரைச் சிற்றூரை விக்ரம் சாராபாய் முதலியோர் தேர்ந்தனர். 1963 நவம்பர் 21-இல் அங்கிருந்து முதல் ராக்கெட் விண்ணில் பாய்ந்தது. பிரௌனின் ஊசி கீழிருந்து குறித்த அசைவின் காரணத்தை ராக்கெட் மேலே சென்று தேடியது. இடையே ஒரு நூற்றாண்டு!

தம் உழைப்பின் முழுப்பயன் தம் வாழ்நாளில் விளங்காது போகலாம் என்று அறிந்தும், இன்றைய அளவை இன்றே பிழையறக் குறிப்பவர்களால்தான் அறிவு வளர்கின்றது. தேர்வின் பயனை மறுமாதமே எதிர்பார்க்கும் மாணவர்களாகிய நாம் பிரௌனிடம் கற்க வேண்டியது இப்பொறுமையே. குன்றின்மேல் இன்றும் வானிலை அளக்கின்றனர். அங்கே எழுதப்படும் ஒவ்வொரு நாளின் மழையளவும் வெப்பநிலையும், நாம் காணப்போகாத ஒரு தலைமுறைக்கு நாம் விடுக்கும் மடலாகும்.