கைபிடித்த கை

ஹெலன் கெல்லர் பெயரை அறியாதார் யார்? பாடப் புத்தகத்திலே படித்திருக்கிறோம், மேடையிலே எடுத்துக்காட்டியிருக்கிறோம். கண் தெரியாது, காது கேளாது, எனினும் பட்டம் பெற்றார், புத்தகம் எழுதினார் என்று வியந்திருக்கிறோம். வியந்தோமே தவிர, விசாரித்தோமா? இருளிலே கிடந்த அந்தக் குழந்தையின் கையைப் பிடித்தது யார் என்று கேட்டோமா?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலே, டஸ்கம்பியா என்ற சிற்றூரில் 1880-ல் பிறந்தார் ஹெலன். பத்தொன்பதாம் மாதத்தில் வந்த நோய், பார்வையையும் செவியையும் பறித்துக்கொண்டது. 1887 மார்ச்சில் அவர் வீடு தேடி வந்தார், ஆன் சல்லிவன் என்ற 20 வயதுப் பெண். ஏழைக் குடியிலே பிறந்து, ஆதரவற்றோர் விடுதியிலே வாடி, பாஸ்டன் நகரத்துப் பெர்க்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியிலே பயின்றவர். தாமும் பார்வை மங்கியவர். ஹெலனின் ஒரு கையிலே பம்பிலிருந்து கொட்டும் தண்ணீர். மறு கையிலே, ஆன் தம் விரல்களால் எழுத்தெழுத்தாக உணர்த்திய அதன் பெயர். மொழி பிறந்தது! 1904-ல் ராட்கிளிப் கல்லூரிப் பட்டமும் கிடைத்தது.

அதிசயம் என்கிறார்கள் இதை. உழைப்பு என்கிறோம் நாம். வீட்டுக்கே சென்று, அன்றாடம் உடனிருந்து, பயிற்சி பெற்ற ஒருவர் ஆற்றிய பணி! எனக்குக் கிடைத்த துணை ஏனையோருக்கு ஏன் இல்லை? இந்தக் கேள்வியே ஹெலனின் பிற்கால வாழ்வாயிற்று.

1906-ல் மாசசூசெட்ஸ் மாநிலப் பார்வையற்றோர் ஆணையத்தில் உறுப்பினரானார். வறுமையும் ஆலை விபத்தும் பலர் கண்ணைக் குடிப்பதை அறிந்தார். 1909-ல் சோஷலிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். அதுவரை புகழ்ந்த ஏடுகளிலே சில, அவருடைய ஊனத்தையே காட்டி அவர் கருத்தை ஏளனம் செய்தன. தருமம் கேட்டால் தேவதை, நியாயம் கேட்டால் பேதை! அஞ்சவில்லை அந்த அம்மையார்.

1924 முதல், அமெரிக்கப் பார்வையற்றோர் நிறுவனத்துக்காக ஊர் ஊராய்ச் சென்று நிதி திரட்டினார். 1925-ல் ஒகையோ மாநிலத்திலே கூடிய லயன்ஸ் சங்கத்தாரிடம், பார்வையற்றோருக்குத் துணை நிற்குமாறு வேண்டினார். சங்கங்கள் அந்தப் பணியை ஏற்றன. நன்கொடை மட்டும் போதுமா? பொதுப் பணமும் வரவேண்டும் என்று 1930-ல் அமெரிக்கப் பாராளுமன்றக் குழுவின் முன் வாதாடினார். மறு ஆண்டே சட்டம் வந்தது: பார்வையற்றோர் படிக்கும் நூல்களுக்கு ஆண்டுக்கு 1,00,000 டாலர்! 1935-ல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலே பார்வையற்றோருக்கு உதவித்தொகை இடம்பெற்றது. அதற்காகவும் குரல் கொடுத்தவர் அவர். எழுபதைக் கடந்த வயதிலே, 1955-ல், இந்தியாவுக்கும் வந்தார். 1968 ஜூன் 1-ல் மறைந்தார்.

தோழர்களே! ஹெலன் படத்துக்கு மாலை சூட்டுவது எளிது. நம் ஊரிலும் ஆன் சல்லிவன்கள் இருக்கிறார்கள். நடக்க இயலாத பிள்ளைக்கு வீடு சென்று பயிற்சி தருபவர், காது கேளாதவருக்குச் சைகை மொழி கற்பிப்பவர், பார்வையற்றவருக்குக் கோல் பிடித்து நடக்கப் பழக்குபவர். அவர்களுக்கு மாதந்தவறாமல் ஊதியம் உண்டா? அமர ஓர் இடம் உண்டா? அவர்களை நடத்தும் சிறு அமைப்புக்கு அரசுப் பணம் காலத்தில் சேருகிறதா? வார்டு தோறும் கேட்போம். இல்லையென்றால் மன்றத்திலே எழுப்புவோம். கைபிடிக்கும் கை தளர்ந்தால், இருளிலே நிற்கும் குழந்தை யார் கையைப் பிடிக்கும்?