மீட்டரை அளந்தவர்

ஆய்வுக்கூடத்தில் மீட்டர் கோலைக் கையில் எடுக்கும் நம்மில் எத்தனை பேர், இந்த நீளத்தை யார் அளந்து சொன்னார் என்று கேட்டிருப்போம்? பியேர் மெஷான் என்ற பெயர் நியூட்டன், கலிலியோ பெயர்களைப் போல நம் வகுப்பறைகளில் ஒலிப்பதில்லை. வானியல் உலகில் மட்டும், வால்வெள்ளிகளைக் கண்டுபிடித்தவர் என்று அவருக்குப் பெரும்புகழ் உண்டு.

1744-ஆம் ஆண்டு பிரான்சின் லான் நகரில், சுவர்ப் பூச்சு வேலை செய்த ஒருவரின் மகனாகப் பிறந்தார். குடும்பக் கடனுக்காகத் தம் வானியல் கருவியையே விற்க நேர்ந்தது. அதை வாங்கிய வானியலாளர் லலாந்து, விற்றவரின் திறமையைக் கண்டு, கடற்படை வரைபட அலுவலகத்தில் வேலை கிடைக்க உதவினார். 1782-இல் அறிவியல் கழகத்தில் உறுப்பினரானார்.

அன்றைய பிரான்சில் ஊருக்கு ஓர் அளவு. ஒரே பெயருள்ள முழமும் மரக்காலும் அடுத்த ஊரில் வேறு அளவாக இருக்கும். ஏமாறுவது ஏழை விவசாயி. புரட்சிக்குப் பின், 1791-இல், வடதுருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரையுள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கே மீட்டர் என்று தேசிய சபை முடிவு செய்தது. முழுத் தூரத்தையும் அளக்க வேண்டியதில்லை. டன்கர்க் முதல் பார்சலோனா வரை முக்கோணம் முக்கோணமாக அளந்து, இரு முனைகளின் அட்சரேகையை விண்மீன்களைக் கொண்டு கணித்தால், மிச்சத்தைக் கணக்குச் சொல்லிவிடும். வடபகுதி டெலாம்பருக்கு, தென்பகுதி மெஷானுக்கு.

1792 ஜூனில் புறப்பட்ட மெஷானை, பாரிசைத் தாண்டிய சிறிது தூரத்திலேயே சந்தேகப்பட்டுத் தடுத்து நிறுத்தினார்கள். விநோதக் கருவிகளோடு போகும் ஆளைப் புரட்சிக் காலத்தில் யார்தான் நம்புவார்கள்! அந்தக் குளிர்காலத்தில் பார்சலோனாவின் மொன்சுயிக் கோட்டையிலிருந்து விண்மீன்களை அளந்தார். 1793-இல் நீரேற்றும் இயந்திரம் ஒன்று தாக்கி, எலும்புகள் முறிந்து, நினைவிழந்து கிடந்தார். அதே ஆண்டு பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டது. கோட்டைக்குள் மீண்டும் நுழைய முடியவில்லை.

சும்மா இருக்க மனமில்லாமல், நகரிலிருந்த விடுதியிலிருந்து மறுபடி அளந்தார். வினை அங்கேதான் வந்தது. இரு அளவுகளும் 3 விநாடிக் கோணம் முரண்பட்டன. ஒரு பாகையை 3600 கூறாக்கினால் அதில் மூன்று. தரையில் சுமார் 100 மீட்டர். எங்கே பிழை என்று அவருக்குப் புலப்படவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை.

செய்முறை அறிக்கை எழுதிய எவருக்கும் அந்தச் சோதனை புரியும். ஆனால் மெஷானை அது உள்ளுக்குள் அரித்தது. இத்தாலிக்குப் போய் மாதக்கணக்கில் தங்கினார். பிரான்சுக்குத் திரும்பிய பிறகும் வேலையைத் தள்ளிப்போட்டார். 1798-இல் மனைவியே தேடிவந்து வேலையை முடிக்கச் செய்ய வேண்டியதாயிற்று. பாரிசில் கூடிய அறிஞர்களிடம் மூல ஏடுகளைத் தராமல், சீராக்கிய சுருக்கத்தை மட்டும் தந்தார். எல்லோரும் மெச்சினார்கள். 1799-இல் பிளாட்டினத்தில் மீட்டர் கோல் வார்க்கப்பட்டது.

வானாய்வகத்தின் தலைமைப் பதவி கிடைத்தும் அவருக்கு நிம்மதியில்லை. அளவையைத் தெற்கே தீவுகள் வரை நீட்டுவதாகச் சொல்லி, 1803-இல் மீண்டும் ஸ்பெயின் சென்றார். 1804 செப்டம்பர் 20-இல் காய்ச்சலில் இறந்தார். அவருடைய ஏடுகள் டெலாம்பர் கைக்கு வந்தபோதுதான், எண்கள் திருத்தப்பட்டிருந்தது தெரிந்தது. டெலாம்பர் அவற்றை எரித்துவிடவில்லை. பின்னால் வருவோர் பார்க்கட்டும் என்று வானாய்வகத்தில் பத்திரப்படுத்தினார். அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது இந்தச் செயல்தான்.

அந்த மீட்டர் உண்மையில் சுமார் 0.2 மில்லிமீட்டர் குட்டை. அதற்கு முக்கியக் காரணம் பூமியின் தட்டைத்தன்மையைக் கணக்கிட்ட விதமே. மெஷானின் மூன்று விநாடிகள் அல்ல. 1828-இல் நிக்கொல்லே என்ற வானியலாளர் அந்த எண்களை மீண்டும் எடுத்தார். உச்சிக்கு வடக்கே கடக்கும் விண்மீன்களையும் தெற்கே கடப்பவற்றையும் தனித்தனியே பிரித்துச் சராசரி கண்டார். கருவியின் கோளாறு ஒன்றையொன்று ஈடுசெய்து, முரண்பாடு ஏறக்குறைய மறைந்துபோயிற்று. மெஷான் சரியாகவே அளந்திருந்தார். அப்போது அவர் இறந்து 24 ஆண்டுகள் ஆகியிருந்தன.