திருமலைப் பாதையில் தியாகராஜர்

காவிரிக் கரையில் அமைந்த திருவையாற்றில், திருமஞ்சன வீதியிலிருந்த ஓர் எளிய இல்லமே ஸ்ரீ தியாகராஜ சுவாமிகளுக்கு உலகமாக இருந்தது. 1767-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் நாள் திருவாரூரில் பிறந்த அவர், இளமையிலேயே பெற்றோருடன் திருவையாற்றுக்கு வந்து சேர்ந்தார். அதன்பின் அவருடைய நாட்கள் யாவும் ஒரே ஒழுங்கில் அமைந்தன. விடியற்காலையில் காவிரி நீராடல், ராம நாம ஜபம், பூஜை, பிறகு பாடிக்கொண்டே வீதிகளில் சென்று, இல்லத்தார் இடும் அரிசியைப் பெற்றுவரும் உஞ்சவிருத்தி, அந்த அரிசியைக்கொண்டே வீட்டாருக்கும் சீடர்களுக்கும் உணவு, மாலையில் பஜனை. நாளைய தேவைக்கென்று இன்று எதையும் சேர்த்து வைப்பதில்லை என்பது அவருடைய விரதம்.

சில கல் தொலைவில் தஞ்சை அரண்மனை இருந்தது. கலைகளைப் போற்றிய இரண்டாம் சரபோஜி மன்னர் அங்கே ஆட்சி புரிந்தார். அரசவையிலிருந்து வந்த அழைப்பையும் பரிசுகளையும் தியாகராஜர் ஏற்கவில்லை. செல்வமா, ராமனின் சந்நிதியா என்று தம் மனத்தையே கேட்டு, அவர் அப்போது கல்யாணி ராகத்தில் ஒரு கீர்த்தனையைப் பாடினார் என்பது மரபு.

அரண்மனைக்கே செல்ல மறுத்தவர், எழுபது வயதைக் கடந்த பின்னர் ஒரு நெடும் பயணம் மேற்கொண்டார். அந்த யாத்திரையை 1839-ஆம் ஆண்டையொட்டி நிகழ்ந்ததாக வரலாற்றாசிரியர்கள் கணிக்கின்றனர். காஞ்சி, சென்னை, திருப்பதி எனப் பல தலங்களைத் தொட்டுச் சென்ற அந்தப் பயணத்தில், திருமலையை நோக்கிய பாதையே அவரை மிகுதியும் சோதித்தது. வீட்டினுள் இருந்தபடி ஈட்டிய பற்றின்மை வீதிக்கு வந்த பின்னும் நிலைக்குமா என்பதே அந்தச் சோதனை.

அழைத்த குரல்

காஞ்சிபுரத்தில் உபநிஷத் பிரம்மேந்திரர் என்ற துறவி வாழ்ந்தார். நூற்றெட்டு உபநிடதங்களுக்கும் உரை கண்ட பெரியவர் அவர். தியாகராஜரின் தந்தை ராமபிரம்மத்துக்கு நண்பர் என்றும் அவரைக் கூறுவர். அவர் விடுத்த ஸ்ரீமுகமே தியாகராஜரைத் திருவையாற்றை விட்டுப் புறப்படச் செய்தது என்பது சீடர் பரம்பரையில் வழங்கும் செய்தி. அரசனின் ஓலைக்கு அசையாத மனம், ஒரு துறவியின் மடலுக்கு உடனே இசைந்தது.

அக்காலத்தில் பயணம் என்பது எளிதன்று. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ஆம் ஆண்டில்தான் ராயபுரத்திலிருந்து ஆற்காடு நோக்கி ஓடியது. அதற்கு முன் நடை, மாட்டு வண்டி, பல்லக்கு ஆகியவை மட்டுமே உண்டு. சென்னையைச் சேர்ந்த ஏனுகுல வீராசாமி 1830-ஆம் ஆண்டு திருப்பதி வழியாகக் காசிக்குச் சென்றபோது, ஏறத்தாழ நூறு பேரைத் துணைக்கு அழைத்துச் சென்றார். அவர் சென்று திரும்பப் பதினைந்து மாதங்களுக்கும் மேலாயின. வழிநடை என்றால் சத்திரங்களையும், குளங்களையும், கள்வர் நடமாடும் காடுகளையும் கணக்கில் வைத்தே புறப்பட வேண்டும். அத்தகைய சாலையில்தான் முதிய தியாகராஜர் பல்லக்கில் அமர்ந்திருக்க, சீடர்கள் உடன் நடந்து சென்றனர்.

காஞ்சியில் வரதராஜப் பெருமாளையும் காமாட்சியம்மனையும் பாடிப் பரவிய பின், யாத்திரை சென்னையை அடைந்தது.

கோவூரில் ஐந்து ரத்தினங்கள்

சென்னையில் பந்தர் தெருவில் வசித்த கோவூர் சுந்தரேச முதலியார் பெரும் செல்வந்தர், சங்கீத ரசிகர். அவருடைய இல்லத்தில் தியாகராஜர் தங்கியபோது, அவர் பாடக் கேட்பதற்காக நகரத்து வித்துவான்களும் பக்தர்களும் திரண்டனர். முதலியாரின் உள்ளத்தில் ஓர் ஆசை இருந்தது. இத்தகைய மகானின் வாயால் தம்மைப் பற்றி ஒரு பாடல் பிறக்காதா என்பதே அது. மன்னர்களும் ஜமீன்தார்களும் தம் பெயரில் பாடல் பெறுவது அந்நாளில் வழக்கமாக இருந்ததால், அந்த ஆசையில் வியப்பில்லை.

மனிதரைப் பாடுவதில்லை என்ற உறுதியைத் தியாகராஜர் தளர்த்தவில்லை. அன்பு காட்டியவரின் மனத்தையும் அவர் புண்படுத்தவில்லை. முதலியாரின் சொந்த ஊரான கோவூருக்குச் சென்று, அங்கே எழுந்தருளியுள்ள சுந்தரேசுவரர் மீது ஐந்து கீர்த்தனைகளைப் பாடி அருளினார். கேட்டவரின் பெயரும் ஈசனின் பெயரும் ஒன்றாக இருந்தன. புகழ் மட்டும் உரிய இடத்தைச் சென்று சேர்ந்தது. கோவூர் பஞ்சரத்தினம் என்று அவை இன்றும் பாடப்படுகின்றன.

முதலியார் பொருள் கொடுத்தால் சுவாமிகள் வாங்கமாட்டார் என்பதை நன்கு அறிந்தவர். ஆகவே அவருக்குத் தெரியாமல் ஆயிரம் பொன்னைப் பல்லக்கில் வைத்து, ஸ்ரீராம நவமி உற்சவத்துக்கு அது பயன்படட்டும் என்று சீடர்களிடம் மட்டும் கூறி வழியனுப்பினார் என்பர். நாளைக்கென அரிசியும் சேர்க்காதவர், தாம் அறியாமலேயே ஆயிரம் பொன்னைச் சுமந்துகொண்டு திருப்பதிச் சாலையில் பயணமானார்.

நாகலாபுரத்துக் காடு

சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதி செல்லும் சாலையில், சுருட்டப்பள்ளியைக் கடந்தால் நாகலாபுரம் வரும். நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஊர் இது. கிருஷ்ணதேவராயர் தம் தாயார் நாகலாம்பாவின் நினைவாக எழுப்பிய வேதநாராயணர் ஆலயத்தால் புகழ்பெற்றது. சுற்றிலும் குன்றுகளும் காடுகளும் அடர்ந்த பகுதி.

இருள் சூழும் வேளையில் அங்கே கள்வர்கள் பல்லக்கைப் பின்தொடர்ந்து கற்களை வீசினர். சீடர்கள் அஞ்சினர். தம்மிடம் ஒன்றுமில்லையே, எதற்காக அஞ்ச வேண்டும் என்று தியாகராஜர் வினவினார். வேறு வழியின்றிச் சீடர்கள் பொன்னைப் பற்றிய உண்மையைக் கூறினர். அப்படியானால் அதனை எடுத்து அவர்களுக்கே கொடுத்துவிடலாம் என்றார் அவர். அது ராம நவமிக்கென அளிக்கப்பட்ட காணிக்கை என்று சீடர்கள் தயங்கினர். ராமனுக்கு உரியது என்றால் அதனைக் காக்கும் பொறுப்பும் ராமனுக்கே உரியது என்று அவர் அமைதியாகக் கூறினார். பிறகு தர்பார் ராகத்தில், ராமனும் லட்சுமணனும் முன்னும் பின்னும் இருபுறமும் துணை வருமாறு வேண்டிப் பாடலானார்.

பொழுது விடிந்தபோது கள்வர்கள் வந்து பணிந்தனர். பல்லக்கின் இருமருங்கிலும் வில்லேந்திய இரு இளைஞர்கள் தங்கள்மீது அம்பு தொடுத்ததாகவும், அவர்கள் எங்கே என்றும் கேட்டனர். உடன் வந்தவர்களில் எவரும் அத்தகைய இளைஞர்களைக் கண்டதில்லை. தாம் காணாத காட்சியைக் கள்வர்கள் கண்டுவிட்டனரே என்று தியாகராஜர் உருகினார் என மரபு கூறும்.

இந்நிகழ்ச்சியில் வில்வீரர்களைக் காட்டிலும் ஆழ்ந்து நோக்கத்தக்கது ஒன்று உண்டு. பொன் தம்முடையது என்று எண்ணிய கணம் ஒன்றுகூட அவர் வாழ்வில் வரவில்லை. முதலில் அது கள்வருக்கு உரியதாகத் தோன்றியது. பிறகு ராமனுக்கு உரியதாயிற்று. இரண்டுக்கும் இடையே தமக்கு என்ற எண்ணம் எழவேயில்லை.

திரைக்கு முன்னால்

நாராயணவனம், புத்தூர் வழியாகப் பாதை திருப்பதியை அடைகிறது. தியாகராஜரின் முன்னோர் ஆந்திர தேசத்துக் காகர்ல என்னும் ஊரைச் சேர்ந்தவர்கள். தமிழ் மண்ணில் பிறந்து வளர்ந்து, தாய்மொழியாகிய தெலுங்கில் பாடிய அவருக்கு, அந்த மொழியே வீதிகளில் ஒலிக்கும் மண்ணில் கால் வைத்த நாள் அது.

மலைக்கு மோட்டார் வண்டிப் பாதை 1944-ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர், அலிபிரியிலிருந்து மேலே செல்பவர்கள் மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளை நடந்தோ டோலியிலோ கடக்க வேண்டும். கம்பெனி அரசாங்கம் ஆலய நிர்வாகத்தைத் தன் கையில் வைத்திருந்த காலம் அது. 1843-இல்தான் ஹாதிராம்ஜி மடத்தின் மகந்துவிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது.

ஏழு மலை கடந்து சந்நிதியை அடைந்தவருக்கு முன் திரை இழுத்து விடப்பட்டிருந்தது. வேங்கடவன் உள்ளே, பக்தர் வெளியே. நடுவில் ஒரு துணி. எழுபது வயது கடந்த உடல், பல நாள் வழிநடைக் களைப்பு, குலசேகரப் படிக்கு அருகே வந்தும் தரிசனம் இல்லை. வேறொருவராக இருந்தால் அர்ச்சகரிடம் வாதாடியிருக்கலாம். தாம் யார் என்று சொல்லிப் பார்த்திருக்கலாம். சென்னையில் பெற்ற புகழ் அதற்குப் போதுமானதாக இருந்திருக்கும்.

தியாகராஜர் யாரையும் குறை கூறவில்லை. கண்முன் தொங்கிய திரையைக் கண்டதும் அவர் பார்வை தம் உள்ளத்தை நோக்கித் திரும்பியது. அங்கே செருக்கு, பொறாமை என்னும் திரை தொங்குவதாகவும், அதனை விலக்கலாகாதா என்றும் கௌளிபந்து ராகத்தில் வேங்கடரமணனை இறைஞ்சினார். சுவைத்து உண்ணும் வேளையில் உணவில் ஈ விழுவதும், இரைக்கு ஆசைப்பட்டு மீன் தூண்டிலில் சிக்குவதும் அக்கீர்த்தனையில் உவமைகளாகின்றன. வாழ்நாள் முழுவதும் ஜபத்தில் கழித்த ஒருவர், இன்னும் தம்முள் திரை இருப்பதாக அஞ்சுகிறார்.

பாடல் முடியுமுன் திரை தானாகவே விலகியது என்றும், கூடியிருந்தோர் வியந்தனர் என்றும் கூறுவர். கண்குளிரத் தரிசித்தவர், இந்த அழகைக் காணப் பதினாயிரம் கண்கள் வேண்டுமே என்ற ஏக்கத்தை மத்தியமாவதி ராகத்தில் மற்றொரு கீர்த்தனையாக வடித்தார்.

அதே ஆலயத்தினுள் அப்போது இன்னொரு திரையும் விலகாமல் இருந்தது. ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளுக்கு முன் அதே வேங்கடவனைத் தெலுங்கில் பாடிய அன்னமாச்சாரியாரின் பாடல்கள், செப்பேடுகளில் பொறிக்கப்பட்டு உண்டியலுக்கு எதிரே ஒரு சிறிய கல்லறையில் கிடந்தன. ஆயிரக்கணக்கான அப்பாடல்களை 20-ஆம் நூற்றாண்டில்தான் உலகம் விரிவாக அறிந்தது. தெலுங்கு பக்தி இசையின் இரு பெரும் ஆறுகள், சில அடி இடைவெளியில் ஒன்றையொன்று அறியாமலே கடந்து சென்றன.

புத்தூரில் ஓர் இரவு

திரும்பும் வழியில் புத்தூரில் மூன்றாவது சோதனை காத்திருந்தது. ஒரு பெண் தன் குழந்தையுடன் கதறிக்கொண்டிருந்தாள். இரவில் தங்குவதற்காக அவர்கள் கோயிலை நாடி வந்தபோது கதவு அடைத்திருந்தது. உள்ளே சென்று கதவைத் திறக்கலாம் என்று மதிலேறிக் குதித்த கணவர், இருளில் கிணற்றில் விழுந்துவிட்டார். உடலை வெளியே எடுத்துக் கிடத்தியிருந்தனர்.

தரிசனம் பெற்ற நிறைவோடு வந்தவர் அந்த அழுகுரலைக் கேட்டு அங்கேயே நின்றார். ராமனே உயிருக்கு ஆதாரம் என்று போற்றும் பிலஹரி ராகக் கீர்த்தனையைச் சீடர்களுடன் பாடி, துளசி தீர்த்தத்தைத் தெளிக்கச் செய்தார். இறந்துவிட்டதாகக் கருதப்பட்டவர் உறங்கி எழுந்தவர்போல் எழுந்தார் என்பது சீடர் பரம்பரை போற்றிவரும் வரலாறு.

அந்தக் கீர்த்தனையில் கிணறு இல்லை; மாண்டவர் மீண்ட செய்தியும் இல்லை. தம்மால் ஒன்று நிகழ்ந்தது என்பதற்கான சாட்சியை அவர் எங்கும் விட்டுவைக்கவில்லை. தமக்காக எதையும் கேட்டுப் பழகாத நாவு, பிறர் துயருக்காகக் கேட்டது. கேட்டபின் அதனை மறந்துவிட்டது.

மீண்டும் திருமஞ்சன வீதி

திருவரங்கத்தையும் லால்குடியையும் பாடிப் பரவிய பின், தியாகராஜர் தம் இல்லம் திரும்பினார். பல்லக்கும் மாலைகளும் மரியாதைகளும் பழங்கதையாயின. வழக்கம்போல் உஞ்சவிருத்தி தொடர்ந்தது. ஆயிரம் பொன் ராமனின் உற்சவத்துக்கு உரியதாயிற்று. அவருடைய அன்றாட அரிசி வீதியிலிருந்தே வந்தது. இறுதி நாளுக்குச் சற்று முன் துறவறம் ஏற்று, 1847-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் அவர் ராமனுடன் கலந்தார். காவிரிக் கரையில் அவரது சமாதியை நாடி ஆண்டுதோறும் புஷ்ய பகுள பஞ்சமியன்று இசைவாணர்கள் ஒன்றுகூடுகின்றனர்.

அவர் பல நாட்கள் கடந்த தொலைவை இன்று சில மணி நேரத்தில் கடந்துவிடுகிறோம். சாலையில் கள்வர் பயம் இல்லை. மலைக்குப் பேருந்து செல்கிறது. ஆயினும் நீண்ட வரிசையில் நின்று சந்நிதியை அடையும் நேரத்தில் திரை விழுந்துவிட்டால், எவ்வளவு விரைவில் நமக்குச் சினம் மூள்கிறது! முன்னால் நிற்பவர் மீதும், காவலர் மீதும், காலத்தின் மீதும் குறை காண்கிறோம். அந்தக் கணத்தில் திருவையாற்று முதியவரை நினைத்துக்கொண்டால் போதும். வெளியே விழுந்த திரை, உள்ளே தொங்கும் திரையைக் காட்டிக் கொடுக்கும். அதைக் கண்டவருக்குத் தரிசனம் அப்போதே தொடங்கிவிடுகிறது.