பால்மரத் தோட்டத்திலிருந்து வளமில்லாத தீவுக்கு

சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம் வளர்ந்தது நம் நெகிரி செம்பிலானில்தான். பெடாஸ், ரெம்பாவ் தோட்டப்புறத்துப் பிள்ளைகளிலேயே பலருக்கு இது தெரியாது. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1915 பிப்ரவரி 25-இல் பிறந்தவர், கைக்குழந்தையாகவே மலாயாவுக்கு வந்துவிட்டார். தந்தை சின்னத்தம்பி ரப்பர் தோட்டத்தில் மேற்பார்வையாளர். பின்னாளில் சொந்தமாகவும் தோட்டம் வைத்திருந்தார். மகன் சிரம்பான் செயின்ட் பால் பள்ளி, கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கழகம், சிங்கப்பூர் ராஃபிள்ஸ் கல்விக்கழகம் என்று படித்து வந்தார்.

பால்மரம் போட்ட சோறு அது. ஒரே பொருளை நம்பி வாழ்ந்தால் என்ன ஆகும் என்பதையும் அந்தத் தலைமுறை கண்ணால் பார்த்தது. 1930-களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தால் ரப்பர் விலை படுத்துவிட்டது. ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பப்பட்டார்கள். ராஜரத்தினம் அப்போது பதின்ம வயது மாணவர்.

சட்டம் படிக்க லண்டன் போனார். போர் வந்தது, வீட்டிலிருந்து பணம் வருவது நின்றது, பட்டம் முடியவில்லை. எழுதிப் பிழைத்தார். ஹங்கேரியரான பிரோஷ்காவை மணந்தார். போருக்குப் பின் சிங்கப்பூரில் பத்திரிகையாளர். 1954-இல் மக்கள் செயல் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1959-இல் பண்பாட்டு அமைச்சர்.

1965 ஆகஸ்ட் 9-இல் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தது. சுமார் 580 சதுர கிலோமீட்டர் நிலம். ஈயம் இல்லை, எண்ணெய் இல்லை, குடிநீருக்குக்கூட ஜொகூரிலிருந்து குழாய். அதுவரை நம் ரப்பரையும் ஈயத்தையும் வாங்கி ஏற்றுமதி செய்தே பெரிதும் வளர்ந்த துறைமுகம் அது. இப்போது அந்தப் பின்நிலம் இன்னொரு நாடு. போதாக்குறைக்கு, தன் படைத்தளங்களை மூடப்போவதாக 1968-இல் பிரிட்டன் அறிவித்தது. தீவின் வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களிலிருந்து வந்துகொண்டிருந்தது.

ஜூரோங் தொழிற்சாலைகள் என்றால் கோ கெங் சுவீயின் பெயரைச் சொல்வோம். அது சரிதான். ராஜரத்தினத்தின் பங்கு வேறு மாதிரியானது. பிரிந்த ஆறே வாரத்தில், செப்டம்பர் 21-இல், சிங்கப்பூர் ஐ.நா. உறுப்பினரானது. 1967-இல் பேங்காக்கில் ஆசியானைத் தொடங்கி வைத்துக் கையெழுத்திட்ட ஐவரில் அவரும் ஒருவர். வளமில்லாத நாட்டுக்கு நட்பு என்பது வெறும் மரியாதை இல்லை; கப்பல் வரவேண்டும், பொருள் விற்கவேண்டும்.

1972 பிப்ரவரியில் பத்திரிகையாளர் மன்றத்தில் ஆற்றிய உரையில் இதை விரித்துச் சொன்னார். பக்கத்து நாட்டை நம்பும் சந்தை நகரமாக இருந்த காலம் போய்விட்டது. கடல்வழி, வான்வழி, தந்தி, செயற்கைக்கோள், பன்னாட்டு நிறுவனங்கள் இவற்றின் மூலம் உலகமே பின்நிலமாக முடியும் என்பது அவர் வாதம். இன்று இது சாதாரணமாகத் தெரியும். அன்றோ வெளிநாட்டு நிறுவனம் என்றாலே புதிய நாடுகள் பலவும் சந்தேகப்பட்டன. அதே ஆண்டில் தஞ்சோங் பகாரில் கொள்கலன் முனையமும் திறந்தது.

இதற்கு விலை கொடுத்தவர்கள் தொழிலாளர்கள். ராஜரத்தினம் 1968 முதல் 1971 வரை தொழிலாளர் அமைச்சராகவும் இருந்தார். அவர் காலத்தில் நடப்புக்கு வந்த வேலை நியமனச் சட்டம் வாரத்துக்கு 44 மணி நேர வேலையை வரையறுத்தது; விடுமுறையைக் குறைத்தது, போனசுக்கு வரம்பு கட்டியது. முதலீட்டாளர்கள் வந்தார்கள், வேலையும் வந்தது. ஆனால் தொழிற்சங்கங்கள் இழந்த பேரம்பேசும் பலத்தைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்வது நியாயமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. தோட்டத்துப் பிள்ளைகளான நாம் அதைக் கவனிக்காவிட்டால் யார் கவனிப்பது?

1988-இல் அரசியலிலிருந்து ஓய்வு பெற்றார். கடைசி ஆண்டுகளில் மறதி நோய் அவருடைய பேச்சையும் பறித்துக்கொண்டது. 2006 பிப்ரவரி 22-இல், 91 வயது நிறைய மூன்று நாள் இருக்கையில், காலமானார். 1966-இல் அவர் வரைந்து கொடுத்த தேசிய உறுதிமொழியைச் சிங்கப்பூர்ப் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் சொல்லி வருகிறார்கள்.