விழும் பொருளை அளந்த அறிஞர்

மரத்திலிருந்து கனி விழுகின்றது. மலைமுகட்டிலிருந்து கல் விழுகின்றது. இது நாம் நாள்தோறும் காணும் காட்சியே. ஆயினும், விழும் பொருள் எவ்வளவு நேரத்தில் நிலத்தை அடையும், எத்துணை விரைவுடன் அடையும் என்பதைக் கணித்துக் கூறும் வழியை உலகம் நெடுங்காலம் அறியாதிருந்தது. அவ்வழியைக் கண்டவர் கலீலியோ என்னும் பேரறிஞர்.

இவர் 1564ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டுப் பைசா நகரில் பிறந்தார். தந்தையார் வின்சென்சோ இசைவாணர். மகன் மருத்துவனாதல் வேண்டும் என்பது அவர் விருப்பம். அதற்கிணங்கிப் பைசாப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்த கலீலியோவின் உள்ளமோ கணிதத்திலேயே தோய்ந்தது. பட்டம் பெறாமலே வெளியேறிய அவர், 1589ஆம் ஆண்டில் அங்கேயே கணிதப் பேராசிரியரானார்.

எடை மிக்க பொருள் விரைந்து விழும், எடை குறைந்தது மெல்ல விழும் என்பது கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலின் கொள்கை. அதனைப் பலரும் ஐயமின்றி ஏற்றனர். கலீலியோ ஐயுற்றார். பெரிய கல்லோடு சிறிய கல்லைப் பிணைத்து விட்டால் என்னாகும்? மெல்ல விழும் சிறிய கல், பெரிய கல்லின் விரைவைக் குறைத்தல் வேண்டும். ஆனால், இரண்டும் சேர்ந்த எடை மிகுதியாதலால் விரைவு கூடவும் வேண்டும். ஒரு கொள்கை தன்னைத் தானே மறுக்குமாயின் அது பிழையன்றோ? காற்றின் தடை இல்லையேல் எல்லாப் பொருள்களும் ஒரே விரைவுடன் விழும் என அவர் தெளிந்தார்.

அவ்விரைவை அளப்பது எங்ஙனம்? பொருளோ கணப்பொழுதில் விழுந்துவிடுகின்றது; நொடியைப் பிழையின்றிக் காட்டும் கடிகாரமும் அந்நாளில் இல்லை. கலீலியோ தளர்ந்தாரல்லர். வீழ்ச்சியையே மெதுவாக்க வழி கண்டார். 12 முழ நீளமுள்ள மரச்சட்டத்தில் நேரான பள்ளம் அகழ்ந்து, வழவழப்பான தோல்தாள் ஒட்டி, சட்டத்தைச் சற்றே சாய்த்து, வெண்கலக் குண்டை உருட்டினார். நீர் நிறைந்த பெரிய பாத்திரத்தின் அடியில் நுண்ணிய குழாயைப் பொருத்தினார். குண்டு உருளும் வரையில் ஒழுகிய நீரை ஏந்தித் தராசில் நிறுத்தார். நீரின் எடையே நேரத்தின் அளவாயிற்று.

பன்முறை செய்தும் முடிவு மாறவில்லை. நேரம் இருமடங்கானால் கடந்த தொலைவு நான்கு மடங்காகும். மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும். விரைவோ நேரத்திற்கேற்ப ஒரே சீராக வளரும்.

இக்கால அளவின்படி, விழும் பொருளின் விரைவு நொடிதோறும் 9.8 மீட்டர் கூடும். முதல் நொடியில் அது 4.9 மீட்டர் விழும். 2 நொடியில் 19.6 மீட்டரும், 3 நொடியில் 44.1 மீட்டரும் விழும். 56 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு குண்டை விடுவதாகக் கொள்வோம். 56ஐ 4.9 ஆல் வகுத்து வர்க்கமூலம் கண்டால், ஏறத்தாழ 3.4 நொடி என வரும். அதனை 9.8 ஆல் பெருக்கினால், நிலத்தைத் தொடும்போது அதன் விரைவு நொடிக்கு ஏறத்தாழ 33 மீட்டர் எனக் காணலாம்.

பூமி ஞாயிற்றைச் சுற்றுகின்றது என்னும் கொள்கையை ஆதரித்தமைக்காக, 1633ஆம் ஆண்டில் ரோம் நகரச் சமய நீதிமன்றம் கலீலியோவைத் தண்டித்தது. ஆர்ச்செட்ரி என்னும் ஊரில் அவர் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார். முதுமை வருத்தியது, தனிமை வாட்டியது. எனினும், முன்னாளில் தாம் செய்த ஆய்வுகளை அங்கிருந்தே நூலாக வடித்தார். அந்நூல் 1638ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு லெய்டன் நகரில் அச்சேறியது. அந்தோ! அது வெளிவந்தபோது அவர்தம் இரு கண்களும் ஒளியிழந்திருந்தன. தம் நூலைக் கண்ணாற் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. 1642ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 8ஆம் நாள் அவர் மறைந்தார்.

1971ஆம் ஆண்டில், காற்றில்லாத நிலவில் நின்ற விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட், ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒருசேர விட்டார். இரண்டும் ஒருங்கே தரையைத் தொட்டன. மரச்சட்டமும் நீர்ப்பாத்திரமும் கொண்டு ஒருவர் பொறுமையுடன் கண்ட உண்மை, நிலவிலும் நிலைபெற்றது. காவல் உடலைத் தடுக்கலாம். உண்மையைத் தடுக்க வல்லதன்று.