இடக்கைக்கு ஓர் இடம்

கீழ்பென்னாத்தூரைப் போன்ற ஊர்களில் திருவிழா நாளில் சுவாமி புறப்பாட்டுக்கு முன்னால் தவில் முழங்கும். புதுக்கோட்டை லய மரபும் தவிலில் வேர் கொண்டதே. மாரியப்பத் தவில்காரரிடம் பயின்ற மான்பூண்டியா பிள்ளை கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார். அவருடைய மாணவர் பழநி முத்தையா பிள்ளை. முத்தையா பிள்ளையின் மகனாக 1908-இல் பிறந்தவர்தான் மிருதங்க மேதை பழநி சுப்பிரமணிய பிள்ளை.

அவர் இடக்கைப் பழக்கம் உடையவர். மேடையில் அது சிறிய செய்தி அன்று. பாடகரின் வலப்புறம் மிருதங்கம், இடப்புறம் வயலின் என்பது வழக்கம். அப்போதுதான் மிருதங்கத்தின் வலந்தலை அவையோரை நோக்கி இருக்கும். இடக்கைக் கலைஞர் அதே இடத்தில் அமர்ந்தால் வலந்தலை பின்புறம் திரும்பிவிடும். எனவே வயலின் கலைஞர் இடம் மாறி அமர வேண்டும். அதற்குப் பலர் இசையவில்லை. வித்தை கைவரப் பெற்றும் வாய்ப்புகள் அவரை விட்டு விலகின.

அந்நிலையை மாற்றியவர்களில் முதன்மையானவர் செம்பை வைத்தியநாத பாகவதர். தம் கச்சேரிகளில் பழநியைத் தொடர்ந்து அமர்த்தி, இருக்கை வழக்கத்தைவிட இசை பெரிது என்று நிறுவினார். பின்னர் ஜி. என். பாலசுப்பிரமணியம் போன்றோரின் மேடைகளிலும் பழநியின் வாசிப்பு ஒலித்தது. பாலக்காடு மணி ஐயர் மிருதங்கம் வாசிக்க, பழநி கஞ்சிரா வாசித்த கச்சேரிகளும் உண்டு. பாட்டின் போக்கை உணர்ந்து, தொப்பியின் கும்காரத்தைக் குழைத்து, அடக்க வேண்டிய இடத்தில் அடக்கி வாசிப்பது அவருடைய தனித்தன்மை.

அக்காலத்திலேயே உலகின் மறுபுறத்திலும் ஒரு தாளக் கலைஞருக்கு மேடை திறந்தது. கியூபாவின் சானோ போசோவை டிஸி கில்லெஸ்பி 1947-இல் தம் ஜாஸ் குழுவில் சேர்த்தார். ஹவானா தெருக்களின் கொங்கா முழவு நியூயார்க்கின் கார்னகி அரங்கில் ஒலித்தது. மறு ஆண்டே போசோ கொலையுண்டார். ஆயினும் அவர் தொடங்கி வைத்த இசை நிலைத்தது. இரு இடங்களிலும் கதவைத் திறந்தவர் மேடையின் நடுவே இருந்த கலைஞரே.

பழநி 1962-இல் மறைந்தார். மிருதங்கக் கலைஞர் ஒருவருக்குச் சங்கீத கலாநிதி விருது முதன்முதலில் கிடைத்தது 1966-இல்தான். அதைப் பெற்றவர் மணி ஐயர். பக்கவாத்தியத்தின் பெருமையைச் சபை உணர்ந்தபோது பழநி இல்லை. அவருடைய மாணவர் திருச்சி சங்கரன் 1971 முதல் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் அக்கலையைக் கற்பித்தார். 2011-இல் சங்கீத கலாநிதி விருதும் பெற்றார்.

குருவுக்குக் கிட்டாதது சீடருக்குக் கிட்டியதில் மகிழ்ச்சி உண்டு; ஆனால், அது முழுமையான ஆறுதல் ஆகாது. வழக்கம் என்ற பெயரில் நாம் இன்று யாருக்கு இருக்கையை மறுக்கிறோம் என்று ஒவ்வொரு சபையும், பள்ளியும், அலுவலகமும் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். பழநிக்குத் தேவைப்பட்டது சலுகை அன்று. ஒருவர் சற்று நகர்ந்து அமர்வது மட்டுமே.